குறிக்கோளுரையும் ஊதியமும்

பெருவாணிகக் கம்பெனிகள் தம் நோக்கம் இன்னதென ஒரு சிறு வாசகத்தில் வகுத்து வாயிற்சுவரில் எழுதி வைத்தல் இக்காலத்து வழக்கமாயிற்று. அதனைக் குறிக்கோளுரை என்பர். அவ்வுரை நன்கமையின் ஊதியமும் பெருகும் என்று வாணிகவியல் பயிலும் நண்பர் சிலர் சாதிக்கின்றனர். (ஊதியம் என்பதனை ஈண்டு அதன் பழம்பொருளாகிய இலாபம் என்றே கொள்க.) யாம் அதற்கு உடன்படுகிலேம்.

அமெரிக்க நாட்டு என்ரான் கம்பெனி மரியாதை, நேர்மை, கருத்துப் பரிமாற்றம், சிறப்பு என்னும் நான்கினையுந் தன் விழுப்பொருள்களாகப் பறைசாற்றிற்று. 2000-ஆம் ஆண்டில் 64 பக்கங்கொண்ட ஒழுக்க நூலொன்றும் பணியாளர்க்கு வழங்கிற்று. கடனை மறைத்துக் கணக்கைத் திரித்தமை வெளிப்பட, 2001 டிசம்பரில் அது முறிந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையோடு முதுமைக்கெனச் சேர்த்த பொருளையும் இழந்தனர்.

ஒரு சான்று கொண்டு துணிதல் தகாது என்பீரேல், குயிஸோ, ஸப்பியென்ஸா, ஜிங்காலெஸ் என்னும் பொருளியலார் மூவர் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் காண்க. அமெரிக்கப் பெருங்கம்பெனிகள் தாமே விளம்பும் விழுப்பொருள்கட்கும் அவற்றின் ஆக்கத்திற்குந் தொடர்பொன்றும் அவர் கண்டிலர். தலைவர் நேர்மையர் என்று பணியாளர் கருதும் கம்பெனிகளிலோ ஆக்கம் மிக்கிருந்தது. சுவரெழுத்தைப் படிப்போர் அதனை நம்புகின்றனரா என்பதே வினா.

எனின், அவ்வுரை வெறும் அணிகலந்தானோ? அங்ஙனங் கூறுதலும் மிகை. ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனிக்கு 1943-இல் ராபர்ட் வுட் ஜான்சன் எழுதிய உரை நற்பண்புகளை வாளா அடுக்கவில்லை, கடமைகளை வரிசைப்படுத்திற்று. மருந்தை நுகர்வோரும் மருத்துவருந் தாதியரும் முதலில், பணியாளர் அடுத்து, ஊரார் அதன்பின், பங்குடையார் ஈற்றில். முதலிட்டவனைக் கடைசியில் நிறுத்தத் துணிந்த வாணிகர் எத்துணையர்! 1982-இல் சிக்காகோ நகரிலும் அதன் புறத்தும், எவனோ நஞ்சு கலந்த டைலினால் மாத்திரைகளை உண்டு எழுவர் மாண்டனர். குற்றம் ஆலையில் நிகழ்ந்ததன்று, கடைகளிலே நிகழ்ந்தது. ஆயினும் நாடெங்கும் இருந்த ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைக் கம்பெனி திரும்பப் பெற்றது. செலவு 10 கோடி டாலருக்கு மேலாயிற்று. விற்பனை வீழ்ந்தது, எனினும் அவ்வாண்டிலேயே முத்திரையிட்ட புதுப்பெட்டியில் மருந்து மீண்டும் வந்தது, ஓராண்டளவில் இழந்த சந்தையின் பெரும்பகுதி மீண்டது. அவ்விடர்க்குச் சில ஆண்டு முன்னரே, தலைவர் ஜேம்ஸ் பர்க், மேலாளரைக் கூட்டி, இவ்வுரைப்படி ஒழுக இயலாதெனின் இதனைச் சுவரினின்றும் அகற்றுக என்று வாதிடச் செய்திருந்தார். எம் கருத்தில், அவ்வாதமே உரையினும் பெரிது. உரை நெடுங்காலம் அங்கே தொங்கிற்று. வாதித்தோர் நெஞ்சிலன்றோ அது பதிந்தது!

அதுவும் நிலையான காப்பன்று. அக்கம்பெனியே பிற்காலத்தில் தன் குழவிப்பொடி பற்றிப் பல்லாயிரம் வழக்குகட்கு ஆளாயிற்று. குற்றச்சாட்டை மறுத்துக்கொண்டே, டால்க் கலந்த அப்பொடியின் விற்பனையை 2020-இல் அமெரிக்காவிலுங் கனடாவிலும், 2023-இல் உலகெங்கும் நிறுத்திற்று. அப்போதும் சுவரில் இருந்தது அதே உரைதான்.

நம்முட் பலர் விரைவில் இத்தகைய கம்பெனிகளின் வாயிலில் வேலை வேண்டி நிற்போம். ஆண்டுக் குறிக்கோளுரையை ஒப்பிக்கச் சொல்லின் ஒப்பிப்போம். பின்னர், இதன்பொருட்டுக் கம்பெனி ஏதேனும் ஒரு நட்டத்தை விரும்பி ஏற்றதுண்டோ என்று அங்கே நெடுநாள் பணிபுரிந்தார் ஒருவரைத் தனியே கேட்டறிதல் நன்று.