படிப்பு சோறு போடாதா?

“டிகிரி முடிச்சவன் சும்மா திரியறான், சிங்கப்பூர் போனவன் மாடி வீடு கட்டறான்.” கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்து டீக்கடைகளில் அடிபடும் பேச்சு இது. இதற்குச் சொல்லப்படும் மூன்று காரணங்களும் நிற்காதவை.

முதல் காரணம், பட்டதாரிகளின் வேலையின்மை. புள்ளிவிவரம் மெய்தான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம். ஆனால் இது வேலைக் கணக்கு, சம்பளக் கணக்கு அல்ல. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று கிடைத்த கூலிக்குப் போகிறவர் ‘வேலையில் இருப்பவர்’ ஆகிவிடுகிறார். நல்ல வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரி வேலையற்றவர் பட்டியலில் சேர்கிறார். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் சகரோபுலோஸ், பேட்ரினோஸ் என்ற இரு பொருளியலாளர்கள் கண்டது: கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் வருமானம் சராசரியாக 9 சதவீதம் கூடுகிறது.

இரண்டாவது, “வெளிநாட்டு வேலைக்குப் படிப்பு எதுக்கு?” என்பது. வளைகுடாவோடு தலைமுறைத் தொடர்புள்ள லெப்பைக்குடிக்காட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவருக்குப் பொதுவாகக் கிடைப்பது ‘ஈ.சி.ஆர்.’ (குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற) பாஸ்போர்ட். அதை வைத்து வளைகுடா வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதியும் வாங்க வேண்டும்.

சிங்கப்பூரிலோ தொழில்திறனுக்கு விலையே குறித்திருக்கிறார்கள். 2024 ஜனவரி முதல் கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் கொண்ட வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அரசுக்குத் தீர்வை கட்டுகிறார். உயர்திறன் தகுதி பெற்றவருக்கு 500 வெள்ளிதான். மாதம் 400 வெள்ளி மிச்சம். அந்தத் தகுதி உள்ளவரை விட்டுவிட எந்த முதலாளிக்கு மனம் வரும்?

மூன்றாவது, “ஐ.டி.ஐ. போதும், காலேஜ் வீண்.” இரண்டும் எதிரெதிர் வழிகள் அல்ல. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளில் சேரவே பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் நேரடி இரண்டாம் ஆண்டிலும் சேரலாம்.

எல்லாப் பட்டமும் ஒரே சம்பளம் தராது என்பது சரிதான். கைத்திறன் இல்லாத வெறும் சான்றிதழ் தடுமாறத்தான் செய்யும். அதற்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது தீர்வாகாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் நடக்கிறது. வேப்பூரிலேயே அரசு மகளிர் கல்லூரியும் இருக்கிறது. டீக்கடைப் பேச்சை நம்பாமல், முந்தைய ஆண்டில் அந்தப் பாடம் முடித்தவர்கள் எங்கே, என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்று கல்லூரியிலும் ஐ.டி.ஐ.யிலும் பெற்றோர் நேரில் போய்க் கேட்கட்டும்.