சூட்டின் மேல் பழி போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பெண் பிள்ளை இருப்பவர்கள் பொறுமையாக முழுதும் படியுங்கள். "இதையெல்லாம் பொதுவில் எழுதணுமா டீச்சர்?" என்று கேட்கப் போகிறவர்கள் அவசியம் படியுங்கள்.

நம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிந்தால் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தைதான்: "சூடு". உடனே இளநீர், நீர்மோர், ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய். சித்திரை வெயிலில் உடம்பில் தண்ணீர் குறைந்து, நீர் மஞ்சளாகக் கடுத்துப் போகும்போது இளநீரும் மோரும் கேட்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடிக்கடி முட்டிக்கொண்டு வந்து, போய் உட்கார்ந்தால் நாலு சொட்டு எரிச்சலோடு இறங்கி, அடிவயிறு வலித்து, நீர் கலங்கலாகப் போனால் அது பெரும்பாலும் கிருமித் தொற்று. அதற்கு விளக்கெண்ணெய் வைத்தியம் இல்லை.

அறிவியல் பாடம் எடுத்தவள், பாடமாகவே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இதற்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. நம் குடலிலேயே குடியிருப்பது. ஆசனவாய்ப் பக்கமிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு வந்து மேலே ஏறுகிறது. அந்தக் குழாய் ஆணுக்குச் சுமார் 20 செ.மீ., பெண்ணுக்குச் சுமார் 4 செ.மீ. அதனால்தான் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது. நடத்தையைச் சந்தேகிக்க இதில் ஒன்றும் இல்லை. ஏறி வரும் கிருமியை வெளியே தள்ளுவது நீரோட்டம். ஓடுகிற வாய்க்காலில் பாசி பிடிக்காது, தேங்கினால் பிடிக்கும். டெல்டாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

2018-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அடிக்கடி இந்தத் தொற்று வந்துகொண்டிருந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரை தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் குடித்தவர்களுக்கு சராசரியாக 1.7 தடவை தொற்று வந்தது. வழக்கம்போல இருந்தவர்களுக்கு 3.2 தடவை. வெறும் தண்ணீர்!

அப்படியானால் நம் பெண்கள் ஏன் குடிப்பதில்லை? போக இடமில்லை. இதுதான் விஷயம்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நானூறு பெண் பிள்ளைகளுக்கு நாலு கழிவறை. அதில் இரண்டு பூட்டியே கிடக்கும், சாவி அலுவலக அறையில். மிச்சம் இரண்டில் குழாய் வராது. பிள்ளைகள் காலையில் அரை டம்ளர் காபியோடு வருவார்கள். தண்ணீர் பாட்டில் நிறைந்தபடி வந்து நிறைந்தபடியே வீட்டுக்குப் போகும். சாயங்காலம் நாலே முக்காலுக்கு வீட்டு வாசலில் பையை எறிந்துவிட்டு ஓடுவார்கள். அந்தப் பிள்ளைக்குக் கடுப்பு வந்தால் நாம் சொல்வது, "ஒடம்பு சூடு". பூட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கழிவறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2012 அக்டோபரில். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மணி அடிப்பது கேரளத்தில் 2019-ல் வந்தது, நம் மாநிலத்தில் 2025-ல் வந்தது. நல்ல திட்டம், வரவேற்கிறேன். ஆனால் குடித்த தண்ணீர் எங்கே போகும்? மணி அடிக்கும் கையிலேயே கழிவறைச் சாவியும் இருக்க வேண்டாமா?

பள்ளியோடு முடியவில்லை. நடவுக்கும் களைபறிக்கவும் போகிற பெண்கள் வரப்பில் ஆள் நடமாட்டம் பார்த்து மதியம் வரை அடக்குகிறார்கள். கும்பகோணத்து ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்களுக்குக் கழிவறை கேட்டுப் போராடியவர் பி. விஜி என்ற தையல் தொழிலாளி. அந்தப் பெண்கள் அடுத்து உட்காரும் உரிமையும் கேட்டார்கள். கேரளம் 2018-ல் சட்டம் திருத்தியது, தமிழ்நாடு 2021-ல் திருத்தியது. வெட்கப்படாமல் வாய் திறந்ததால் நடந்தது.

அடுத்தது மருந்துக் கடை. "நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கி, எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடுகிறோம். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பது அழகுக்கா? டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது, வாங்கக்கூடாது என்பதற்கு. கண்ட மாத்திரையை அரைகுறையாகத் தின்றால் சாகாமல் மிஞ்சுகிற கிருமி பலசாலி. அடுத்த தடவை அதே மாத்திரை கேட்காது. திரும்பத் திரும்ப வந்தால் நீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி மடியும் என்று அதில் தெரியும்.

குளிர் காய்ச்சல், விலாப்பக்கத்து முதுகுவலி, வாந்தி, நீரில் ரத்தம் — இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்காதீர்கள். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள், ஆண்கள் ஆகியோர் எரிச்சல் மட்டும் இருந்தாலே டாக்டரிடம் போக வேண்டும்.

"கழிவறைக்கு நிதி இல்லை" என்று பதில் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தெருமுனைக்கு வளைவு வைக்க, பந்தல் போட, ஃபிளெக்ஸ் அடிக்க நம் ஊரில் எத்தனை நாளில் வசூல் ஆகிறது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குப் போய் மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனை கழிவறை திறந்திருக்கிறது? உள்ளே தண்ணீர் வருகிறதா? தினமும் கழுவுவது யார், அவருக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா? தனியார் பள்ளி என்றால் கட்டணம் கட்டும் அன்றைக்குக் கேளுங்கள்.

கேட்டுவிட்டு, என்ன பதில் வந்தது என்று இங்கே கமெண்டில் எழுதுங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், பதில் போதும்.

— ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை, சுவாமிமலை