மெஷினுக்கு ஏது சாதி?

“மெஷினுக்கு ஏது சார் சாதியும் நிறமும்? பழுதாச்சு, திருப்பி வாங்கிட்டான். இதுல என்ன அரசியல்?” வங்கியில் பக்கத்து சீட்டு நண்பர் கேட்டார். அவர் எப்பவுமே நடுநிலை.

பேச்சு அமெரிக்காவின் மெஜெல்லன் கம்பெனியைப் பற்றியது. குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் ‘லெட்கேர்’ கருவிகள் அவர்களுடையவை. கை நரம்பில் எடுத்த ரத்தத்தைச் சோதித்தால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டியது. கம்பெனிக்கு இது 2013லேயே தெரியும். தெரிந்தே விற்றார்கள். 2017 மே மாதம்தான் அரசு எச்சரித்தது, கருவி இந்தச் சோதனைக்கு ஆகாது என்று திரும்பப் பெறும் நடவடிக்கை வந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மறுபடி சோதிக்கச் சொன்னார்கள். 2021ல் அதே கம்பெனியின் சோதனைக் கிட்டுகள் மறுபடியும் குறைத்துக் காட்டின, மறுபடியும் திரும்பப் பெற்றார்கள். 2024ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4.2 கோடி டாலர் கட்டச் சம்மதித்தார்கள்.

சாயங்காலம் கேஷ் பத்து ரூபாய் இடித்தால் எங்களை வீட்டுக்கு விடமாட்டார்கள். இவன் குழந்தைகளின் ரத்தக் கணக்கை நாலு வருஷம் தப்பாக எழுதியிருக்கிறான்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அந்த நாட்டில் வீடுகளுக்குக் காரீயப் பெயிண்ட் அடிப்பதை 1978ல் தடை செய்தார்கள். பழைய பெயிண்ட் எங்கே உதிர்கிறது? பழுது பார்க்காத பழைய வாடகை வீடுகளில். அங்கே யாரைக் குடிவைத்தார்கள்? காரீயம் அதிகம் ஏறியது கறுப்புக் குழந்தைகளின் ரத்தத்தில் என்று அந்த அரசின் கணக்கெடுப்புகளே சொல்லி வந்திருக்கின்றன. காரீயம் மூளையைத் தின்னும். கவனம் சிதறும், படிப்பு பின்தங்கும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. ரத்தச் சோதனை ஒன்றுதான் சாட்சி.

அந்தச் சாட்சி பொய் சொன்னால் என்ன ஆகும்? ‘அளவு சரி’ என்று சீட்டு வருகிறது. வீட்டுக்காரன் தப்பித்தான், முனிசிபாலிட்டி தப்பித்தது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் தடுமாறும்போது குற்றம் எங்கே போய் விழும்? பிறப்பின் தலையில். “இதுகளுக்குப் படிப்பு ஏறாது.” தோழர்களே, இந்த வாசகத்தை நாம் எந்த வகுப்பறையில் கேட்டோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விஷத்தை வைத்தவனை மறைத்துவிட்டு, விஷம் செய்த வேலையைப் பிறவிக் குணமாக்குவது நம்ம ஊர் மனுவின் பழைய வித்தை. அதற்கு அங்கே ஆய்வகச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கருவியைத் திரும்ப வாங்கலாம். அந்த நாலு வருஷத்தில் மூளைக்குள் இறங்கிய காரீயத்தை எந்த உத்தரவு திரும்ப வாங்கும்?

1969ல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் ‘யங் லார்ட்ஸ்’ என்ற போர்ட்டோரிக்கோ இளைஞர்கள் அரசு வருமென்று காத்திருக்கவில்லை. சுகாதாரத் துறையை நெருக்கிச் சோதனைக் கிட்டுகளை வாங்கினார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பிள்ளைகளுக்குத் தாங்களே காரீயச் சோதனை செய்தார்கள். அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை 1972ல் பம்பாயில் எடுத்துக்கொண்டவர்கள் தலித் சிறுத்தைகள். அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளும் நாம், நம்ம சேரிப் பிள்ளைகளின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எந்தக் கதவைத் தட்டிக் கேட்டோம்?