மைதானம் யாருக்கு?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர் ஒருவர்)

கோல்ஃப் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? வெள்ளைத் தொப்பி, பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புல்வெளி, ஆட்டக்காரருக்குப் பின்னால் பை சுமந்து வரும் ஒரு பையன். கபடி கதாநாயகனுக்கு, கோல்ஃப் அவனுடைய வருங்கால மாமனாருக்கு என்று நம் திரையுலகம் எப்போதோ பாகப்பிரிவினை செய்து முடித்துவிட்டது!

சென்ற ஆண்டு துறைச் சுற்றுலாவில் கொடைக்கானல் சென்றபோது, பில்லர் ராக்ஸ் போகும் பாதையில் பேருந்து ஜன்னல் வழியே கோல்ஃப் மைதானத்தைப் பார்த்தோம். உடனே பேருந்துக்குள் ஒரு விவாதம் மூண்டது. "சனி, ஞாயிறு விடுமுறையில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து இங்கே ஆட வந்தால் எப்படி இருக்கும்?" என்றான் ஒருவன். "அதற்கு முதலில் நாலு பேரும் வங்கி மேலாளர் ஆக வேண்டும். அது பணக்காரன் ஆட்டமடா!" என்றான் மற்றவன். பேருந்து சிரித்தது. எனக்கு மட்டும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஓர் ஆட்டம் பிறக்கும்போதே பணக்காரனாகப் பிறக்குமா? இல்லை, ஆடும் இடத்தைச் சுற்றிப் போட்ட வேலிதான் அதைப் பணக்கார ஆட்டம் ஆக்கியதா?

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். ஒரு மட்டை, ஒரு பந்து, தரையில் 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழி. குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் சேர்ப்பவர் வென்றவர். நம் கிராமத்துக் கோலிக்குண்டு ஆட்டத்துக்கு நெருங்கிய உறவு என்று தாராளமாகச் சொல்லலாம். குழிகள் 18 என்பதும், குண்டு கொஞ்சம் தூரம் போகும் என்பதுமே வேற்றுமை.

அந்தப் பந்தைப் பற்றி இயற்பியல் மாணவன் ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. அதன் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது. மேனி முழுவதும் அம்மைத் தழும்புபோல் சிறு சிறு பள்ளங்கள். வழவழப்பான பந்துதானே காற்றைக் கிழித்துக்கொண்டு அதிக தூரம் போக வேண்டும்? போகாது! பள்ளங்கள் பந்தை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தைக் கலக்கி விடுகின்றன. கலங்கிய படலம் பந்தைச் சட்டென்று விட்டுப் பிரியாமல் பின்புறம் வரை தழுவிச் செல்கிறது; பின்னிழுக்கும் விசை குறைகிறது. வழவழப்பான பந்து இதில் ஏறத்தாழ பாதித் தூரத்திலேயே விழுந்துவிடும். இதை முதலில் கண்டது விஞ்ஞானி அல்லர். 19ஆம் நூற்றாண்டில் மலேயா மரப்பாலில் செய்த பந்துகள் புதிதாக இருக்கும்போதைவிட அடிபட்டு வடுப்பட்ட பிறகே நன்றாகப் பறந்தன என்பதை ஆட்டக்காரர்கள்தாம் கவனித்தார்கள். பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் கத்ரீ டெய்ட், பந்தின் பின்சுழற்சி அதை மேலே தூக்கிப் பிடிக்கிறது என்று 1890களில் விளக்கினார். அவர் மகன் ஃப்ரெடி டெய்ட் 1896லும் 1898லும் பிரிட்டனின் அமெச்சூர் கோல்ஃப் சாம்பியன். தந்தை கணக்குப் போட, மகன் அடித்துக் காட்டிய குடும்பம்!

ஆட்டம் பணக்காரனுடையது அன்று என்பதற்குப் பை சுமந்தவர்களே சாட்சி. பை சுமப்பவருக்குக் கோல்ஃப் மொழியில் 'கேடி' என்று பெயர். (நம் ஊரில் அந்தச் சொல்லுக்குக் காவல் நிலையத்தில் வேறு பொருள் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.) டில்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991ஆம் ஆண்டு இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். தொழில்முறை இந்திய ஆட்டக்காரர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை. 1993இல் மீண்டும் வென்றார். பையோடு உள்ளே போனதால் அவருக்கு ஆட்டம் கிடைத்தது. பை இல்லாமல் போயிருந்தால் வாயிற்காவலர் என்ன கேட்டிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் கதை இதைவிடக் கனமானது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்த இந்திய வம்சாவளியினர் பாப்வா செவ்கோலம். அவரும் கேடியாகத் தொடங்கியவரே. மட்டையைப் பிடிப்பதில் எல்லோரும் வலக்கையைக் கீழே வைப்பார்கள் என்றால், அவர் இடக்கையைக் கீழே வைத்தார். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் தானே கற்ற பிடி அது. அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார். 1963இல் சொந்த ஊரிலேயே நேட்டால் ஓப்பனை வென்றபோது மழை. வெள்ளையரல்லாதவர் மன்றக் கட்டடத்துக்குள் நுழையக்கூடாது. ஆகவே வெற்றி பெற்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார். 1965இல் அதே போட்டியில் உலகப் புகழ் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அதன்பின் நிறவெறி அரசு அவரைப் பெரிய போட்டிகளில் ஆடவே விடவில்லை. 1978இல் மறைந்தார். புல்லுக்கும் பந்துக்கும் அவர் தோலின் நிறம் தெரியவில்லை, கதவுக்குத்தான் தெரிந்தது.

அப்படியானால் வேலியில்லாத கோல்ஃப் உலகில் எங்காவது உண்டா? உண்டு. அதுவும் கோல்ஃபின் தாய்வீட்டிலேயே உண்டு என்பதுதான் வேடிக்கை.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்றொரு சிறு நகரம். 1413இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்றும் அங்கே உண்டு. கடலோர மணல்மேட்டில் அமைந்த அதன் 'பழைய மைதானம்' உலகக் கோல்ஃப் பக்தர்களின் காசி, இராமேசுவரம். நால்வர் குழுவாகச் சேர்ந்து, வார இறுதிக்கென்று கடல் கடந்து அங்கே வருகிறார்கள். ஓர் ஆட்டத்துக்குக் கட்டணம், கோடைப் பருவத்தில் 300 பவுண்டுக்கு மேல். அதைக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் இடம் உறுதியில்லை. கணிசமான இடங்களைச் சீட்டுக் குலுக்கித் தருகிறார்கள். கோடீசுவரர் பெயரும் குலுக்கலில் ஒரு சீட்டுதான்!

சனிக்கிழமை ஆடியாயிற்று. ஞாயிறு காலை நண்பர் நால்வரும் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி வந்தால்? மைதானம் மூடியிருக்கும். மூடியிருக்கும் என்றால் பூட்டியிருக்கும் என்று பொருள் அன்று. ஆட்டத்துக்கு மூடி, ஊருக்குத் திறந்திருக்கும். பெரும் போட்டிகள் நடக்கும் சில ஞாயிறுகள் நீங்கலாக, அன்று அது ஊர்ப் பூங்கா. உலகச் சாம்பியன்கள் நெஞ்சு படபடக்க நிற்கும் புல்தரையில் பாட்டிமார் நாயை அழைத்துக்கொண்டு நடக்கிறார்கள்; குழந்தைகள் உருண்டு விளையாடுகிறார்கள். பணம் கட்டி வந்த நண்பர்களும் அவர்களோடு நடந்துவிட்டு வரலாம். அல்லது அதே அறக்கட்டளை நடத்தும் மற்ற மைதானங்களில் ஆடலாம். புல்லுக்கும் வாரத்தில் ஒருநாள் ஓய்வு கிடைக்கிறது.

மற்ற நாள்களில் மட்டும் என்ன? முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் உரிய புல்தரையின் குறுக்கே ஒரு பொதுச்சாலை போகிறது. கடற்கரைக்குப் போகும் குடும்பம் சாலையைக் கடக்கும்வரை, எவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் மட்டையைத் தாழ்த்திக் காத்து நிற்க வேண்டும். நம் ஊரில் யார் யாருக்காகக் காத்து நிற்பார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தச் சிறு செய்தியின் அருமை விளங்கும். மேலும், நகரவாசிகளும் அப்பல்கலைக்கழக மாணவர்களும் சலுகைக் கட்டணத்தில் ஆண்டுச் சீட்டு வாங்கி ஆண்டு முழுவதும் ஆடலாம். ஆம், மாணவர்கள்! நம்மைப் போன்ற மாணவர்கள்!

இது அந்த ஊர்ச் சீமான்களின் தாராள மனத்தால் வந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1552ஆம் ஆண்டிலேயே அந்நிலத்தில் ஊர்மக்களுக்கு உள்ள உரிமையை அங்கிருந்த பேராயர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படியிருந்தும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகர மன்றம் கடனில் மூழ்கி நிலத்தைக் கைவிட்டது. வாங்கியவர்கள் அங்கே முயல் வளர்த்தார்கள். குழிபறிப்பதில் முயலுக்கு ஈடு யார்? கோல்ஃப் குழிகளோடு முயல் குழிகளும் போட்டியிட, கைகலப்பும் நீதிமன்ற வழக்குகளுமாக ஆண்டுகள் கழிந்தன. 1821இல் கோல்ஃபில் ஆர்வமுள்ள நிலவுடைமையாளர் ஒருவர் நிலத்தை வாங்கி முயல்களிடமிருந்து மீட்டார். 1894இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின்மூலம் நிலம் மீண்டும் நகரத்தின் கைக்கு வந்தது. 1974இல் இன்னொரு சட்டம். அதன்படி அமைந்த அறக்கட்டளையே இன்று நிர்வகிக்கிறது. ஆக, ஞாயிற்றுக்கிழமை நாய் நடத்திச் செல்லும் அந்தப் பாட்டிக்குப் பின்னால் சில நூற்றாண்டுச் சண்டையும் இரண்டு சட்டங்களும் நிற்கின்றன. வாய்வார்த்தையாக விட்டிருந்தால் முயல்தான் வென்றிருக்கும்.

நம் நாட்டுக்கு இந்த ஆட்டம் வந்தபோது பந்து வந்தது, மட்டை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கப்பலில் ஏறவில்லை. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இல் தோன்றியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுவே மிகப் பழையது. ஆனால் வந்தவர்கள் அதை ஊர் ஆட்டமாகக் கொண்டுவரவில்லை. ஆளுவோர் ஆட்டமாகக் கொண்டுவந்தார்கள். அவர்கள் போனபின் வேலியை நாம் பத்திரமாகப் பாதுகாத்து வந்தோம்.

சென்னை கிண்டியில் ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலம் 1945ஆம் ஆண்டு முதல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. குதிரைப் பந்தய ஓடுபாதை. அதன் நடுவே கோல்ஃப் மைதானம். தொடக்கத்தில் நிர்ணயித்த வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய் சில்லறை. 2024 செப்டம்பரில் அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்தது. நீர்நிலைகளும் பூங்காவும் அமைப்பதாக அறிவித்தது. விவகாரம் நீதிமன்றம் சென்றது. சட்டத்தை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் கோரிக்கை சிறியது: பொதுநிலத்தில் இனி எழுதும் எந்த விளையாட்டுக் குத்தகைப் பத்திரத்திலும், வாரத்தில் ஒருநாள் ஊருக்கு என்று ஒரு வரி இருக்க வேண்டும். மைதானத்தை உழுது போடு என்று நான் சொல்லவில்லை. கோல்ஃபும் இருக்கட்டும், ஞாயிறும் இருக்கட்டும்.

"நீ சொல்வது சரி, அந்த வேலிகளை உடைக்க வேண்டியதுதான்!" என்று நண்பர்கள் கைதட்டுவது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். இப்போது நம் வாசலுக்கு வருகிறேன்.

நம் கல்லூரி மைதானமும் அரசு நிலம்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். காவலர் தேர்வுக்காக 1500 மீட்டர் ஓடிப் பழகும் இளைஞர்கள், சர்க்கரை நோய்க்காக வேக நடை நடக்கும் கடைக்காரர்கள், மூச்சுவாங்க நடந்துவிட்டுப் படிக்கட்டில் அமர்ந்து ஊர்க்கதை பேசும் அம்மாக்கள். மாலையில் சுற்றுவட்டாரச் சிறுவர்களின் கிரிக்கெட். இவர்களை வெளியாள்கள் என்று சொல்லி, வாயிலுக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் நம் மாணவரிடையே கையெழுத்துக்குச் சுற்றி வருகிறது. கோல்ஃப் மைதானத்தைப் பார்த்துச் சிரித்த அதே நண்பர்களில் இருவர் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்!

அவர்கள் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. கைப்பந்து வலை இருமுறை கிழிந்தது. உடைந்த புட்டித் துண்டு நம் ஓட்டக்காரர் ஒருவரின் காலைப் பதம் பார்த்தது. மோட்டார் சைக்கிள்கள் ஆடுகளத்தின் நடுவே தடம் பதிக்கின்றன. வலியும் செலவும் நமக்கு. வருபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை என்பதும் உண்மை. ஆனால் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒருநாள் முழுவதும் ஊரே நடந்தும், மறுநாள் அந்தப் புல்லில் ஆட்டம் நடக்கிறதே! பூட்டினால் அல்ல, ஒழுங்கினால் காக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு; மறைப்பானேன்? பட்டப்படிப்பு என்றால் என்னவென்று எடுத்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. கல்லூரி எனக்கு முதலில் அறிமுகமானது மைதானமாகத்தான். பந்து பொறுக்க ஓடி வந்த சிறுவனாக, அந்த நீளக் கட்டடத்தின் ஜன்னல்களை வெளியிலிருந்து எட்டிப் பார்த்தவன் நான். இங்கே படிக்க ஐ.ஏ.எஸ். அதிகாரி மகனாக இருக்க வேண்டியதில்லை என்று எனக்குச் சொன்னவர் ஆசிரியர் அல்லர். அந்த மைதானத்தில் எங்களோடு ஆடிய அன்றைய மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர். அன்று வாயிலில் பூட்டுத் தொங்கியிருந்தால் அவரை நான் எங்கே பார்த்திருப்பேன்?

ஆகவே என் யோசனை இது. வார நாள்களில் காலை ஏழரை மணி வரை ஊருக்கு. ஞாயிறு முழுநாளும் ஊருக்கு. கிரிக்கெட் ஆடுகளத்தையும் கைப்பந்துத் தளத்தையும் சுற்றிக் கயிறு. வாகனங்கள் வாயிலுக்கு வெளியே. வலையை மாலையில் கழற்றி உடற்கல்வி இயக்குநர் அறையில் வைக்க ஒரு முறை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவரும் காலை நடைக்கு வருவோரும் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு துப்புரவு செய்யலாம்; நடக்க வருபவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், மறுக்கவில்லை. இவற்றை முதல்வர் கையொப்பத்துடன் எழுத்தில் வைக்க வேண்டும். முயல் கதையை மறந்துவிடக்கூடாது.

பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.