வயலைக் கேட்காமல் வந்த பசளை

சாகாமக் குளத்தை நம்பி வேளாண்மை செய்பவர்களோடு கதைக்கும்போது 2021ஆம் ஆண்டு இன்னும் முடியவில்லை என்றே எமக்குப் படுகிறது. அந்தப் பெரும்போகத்துக்காக ஈடு வைத்த நகையை மீட்க முடியாமற் போனவர்கள் இங்கு இருக்கிறார்கள். யுத்தம், வெள்ளம், 2004இன் சுனாமி எல்லாவற்றையும் கண்ட மக்கள் இவர்கள். ஆனால் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் விளைச்சல் போனது அவர்களுக்கும் புதிது.

நடந்ததை வாசகர்கள் அறிவர். 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ இரண்டு வாக்குறுதிகளைத் தந்தார். நெல்லுக்குப் பசளை இலவசம் என்பது ஒன்று. பத்து ஆண்டுகளில் நாடு சேதன விவசாயத்துக்கு மாறும் என்பது மற்றது. அந்தப் பத்து ஆண்டுகள் இரண்டு ஆண்டுகள் கூட நிற்கவில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதி தடை செய்யப்பட்டது. மக்களின் சுகநலமே காரணம் என்றார்கள். திறைசேரியில் டொலர் வற்றிக்கொண்டிருந்தது என்பதும் காரணந்தான்; அதை உரத்துச் சொல்லவில்லை.

அன்று நாம் மகிழ்ந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. மண்ணைக் காக்க வேண்டும், எருவுக்குத் திரும்ப வேண்டும் என்று பல காலமாகச் சொல்லி வந்தவர்கள் நாம். அரசாங்கமே எம் பக்கம் வந்துவிட்டது என்று எண்ணி, கூட்டெரு தயாரிக்கும் வகுப்புகளை ஊர் ஊராக நடத்தினோம். ஒரு வகுப்பில் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்: “பாதர், ஒரு ஏக்கருக்கு எத்தின பெட்டி எரு வேணும்?”

எமக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஆக ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாக ஒரு தொன்னுக்கு மேல், சில வேளை இரண்டு தொன்னையும் தாண்டி எரு வேண்டும். அதிலும் அந்த நைதரசன் மெல்ல மெல்லத்தான் பயிருக்குக் கிடைக்கும். மூன்றரை மாத நெல் அதுவரை காத்திராது. ஒரு வட்டை முழுவதற்கும் அவ்வளவு எருவுக்கு மாடு எங்கே, வைக்கோல் எங்கே, ஏற்றி இறக்கக் கூலி எங்கே? இந்தக் கணக்கு விவசாயத் திணைக்களத்துக்குத் தெரியாததல்ல. அதைச் சொன்ன நிபுணர்களுக்கு யாரும் செவி கொடுக்கவில்லை. நாமும் முதலிலேயே அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

கணக்கு உதைத்த இடத்தில் வியாபாரம் நுழைந்தது. சீனாவிலிருந்து ‘ஹிப்போ ஸ்பிரிட்’ என்ற கப்பல் சேதனப் பசளையோடு வந்தது. மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாக எமது தாவரத் தடுப்புக்காப்புச் சேவை கண்டது, கம்பனி மறுத்தது. கப்பல் சரக்கை இறக்காமலே போனது. ஆனாலும் 2022 ஜனவரியில் பல இலட்சம் டொலர் கட்டினோம். டொலரை மிச்சம் பிடிக்கப் புறப்பட்ட கதை இது!

அடுத்து, 2021 ஒக்டோபரில் இந்தியாவின் இஃப்கோ நிறுவனத்தின் நனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்து இறங்கியது. அரை லீற்றர்ப் போத்தல் ஒன்று ஒரு மூடை யூரியாவுக்குச் சமம் என்பது அதன் விளம்பரம். போத்தலில் இருப்பது நூற்றுக்கு நான்கு பங்கு நைதரசன், அதாவது சுமார் 20 கிராம். 20 கிராம் எப்படி 20 கிலோவின் வேலையைச் செய்யும் என்று கேட்க விஞ்ஞானப் பட்டம் வேண்டியதில்லை. இலையில் தெளிப்பதால் வீணாகாது என்பது அவர்களின் பதில். இருக்கலாம். ஆனால் ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை எந்த இலை ஈடு செய்யும்?

நவம்பர் கடைசியில் தடை நீங்கியபோது எம் பகுதியில் பயிர் மஞ்சளித்து நின்றது. அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அக்கரைப்பற்றுப் போடியாரும் திருக்கோவில் குத்தகைக்காரரும் ஒரே நட்டத்தைக் கண்டார்கள். போடியாருக்கு அடுத்த போகம் இருந்தது. குத்தகைக்காரருக்குக் கடன் இருந்தது.

இதே அம்பாறை மாவட்டத்தில் வேறொரு பாடமும் இருக்கிறது. இங்கினியாகலை அணை 1949 தொடக்கம் அமெரிக்க மொரிசன் நட்சன் கம்பனியின் பெரும் இயந்திரங்களால் எழுந்தது. அக்காலத்தின் அதிசயத் தொழில்நுட்பம் அது. அதோடு வந்த குடியேற்ற அரசியலின் புண் 1956 கலவரத்தில் வெடித்ததை எமது மூத்தவர்கள் மறக்கவில்லை. தண்ணீரோ கடைமடைக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இடதுகரையில் வேறு வழியைப் பார்த்தன. இளம் பட்டதாரிகளை விவசாயிகளோடு தங்க விட்டன. அவர்கள் வீடு வீடாகப் போய், “தண்ணீருக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்டார்கள். வாய்க்காலுக்கு ஒரு சிறு குழு உருவானது. குளம் கால்வாசி அளவே நிரம்பியிருந்த அந்தச் சிறுபோகத்தில் தலைமடைச் சிங்கள விவசாயிகள் வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறை வைத்துத் தண்ணீரைக் கீழே விட்டார்கள். கடைமடைத் தமிழ் விவசாயிகளுக்கும் அது போய்ச் சேர்ந்ததாகப் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் பதிவு செய்திருக்கிறார். அணையைக் கட்டிய செலவோடு பார்த்தால் இதற்கு ஆன செலவு சொற்பம். பத்திரிகைப் படத்துக்கு வெட்டத்தான் நாடா இருக்கவில்லை.

இன்று மருந்தடிக்க ட்ரோன் வருகிறது, கைத்தொலைபேசியில் ஆலோசனை வருகிறது. அவற்றை நாம் எதிர்க்கவில்லை. கேட்பது இதுதான்: போகத்துக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளையும் விதைப்பு நாளையும் தீர்மானிக்கிறோம் அல்லவா? புதிய பொருள் எதுவானாலும் அந்தக் கூட்டத்துக்கு முதலில் வரட்டும். வட்டைக்குக் கால் ஏக்கரில் ஒரு போகம் போட்டுப் பார்ப்போம். நட்டம் வந்தால் விற்பவர் தரட்டும். அந்தக் கால் ஏக்கரை நிறுத்துப் பார்த்த பிறகு கொழும்பு வர்த்தமானி எழுதட்டும்.

கேள்வி கேட்ட அந்த அம்மா தன் வயலின் ஒரு மூலையில் இன்றும் எரு போடுகிறார், பாதி யூரியாவும் சேர்த்து. மண் இளகியிருக்கிறது என்கிறார். விளைச்சலை இன்னும் பிரித்து நிறுக்கவில்லையாம். வரும் அறுவடைக்குத் தராசோடும் கொப்பியோடும் வரச் சொல்லியிருக்கிறார்.