அளந்து திறக்கும் அணை

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. நார்வே நாட்டின் மின் சந்தையைப் பற்றிப் படித்தபோது இப்பழமொழியே என் நினைவுக்கு வந்தது.

நார்வே தன் மின்சாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை நீரிலிருந்து பெறுகிறது. மழையும் பனியும் கூலி கேட்பதில்லை. ஆகவே அங்கே மின்சாரத்தின் மொத்த விலை என்றும் மலிவாகவே இருக்கும், அதை முன்கூட்டிச் சொல்வதும் எளிது என்று நாம் எண்ணக்கூடும். அந்த எண்ணம் தவறு என்பதே என் கருத்து.

1991 முதல் அங்கே மின்சாரம் சந்தைப் பொருளாகிவிட்டது. மறுநாளைய மின்சாரத்திற்கு முதல்நாளே ஏலம் நடக்கிறது. காற்றாலைக்காரர் காற்று வீசும்போதுதான் விற்க முடியும். அணைக்காரரோ நீரை இன்றும் விற்கலாம். கடுங்குளிர் காலத்திற்கென்று தேக்கியும் வைக்கலாம். நார்வேயின் அணைகள் நிரம்பினால் சுமார் 8,700 கோடி யூனிட் மின்சாரத்திற்குரிய நீர் நிற்கும். இன்று செலவழித்த நீர் நாளைக்கு இல்லை அல்லவா? எனவே பின்னாளில் என்ன விலை கிடைக்கும் என்று கணக்கிட்டு, அதற்கேற்பவே அவர் இன்று விலை கேட்கிறார். இதனை 'நீரின் மதிப்பு' என்பர். அணை நிரம்பி வழியும் நிலையில் அம்மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும்; நீர் வற்றினால் எரிவாயு மின்சாரத்தின் விலைக்கே ஏறிவிடும்.

ஆகவே விலையைக் கணிப்பவர் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. அணையின் நீர்மட்டம், மலைமேல் உறைந்து கிடக்கும் பனி, அண்டை நாட்டின் எரிவாயு விலை ஆகியவற்றோடு அணைக்காரரின் மனத்தையும் படித்தாக வேண்டும். அவருடைய கணிப்பை இவர் கணிக்க வேண்டியிருக்கிறது!

2022 ஆம் ஆண்டு இதற்குச் சான்று. தென் நார்வேயின் அணைகளில் நீர் குறைந்திருந்தது. உக்ரைன் போரால் ஐரோப்பாவில் எரிவாயு விலை விண்ணை முட்டியது. 2021 இல் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் கடலடி மின்வடங்கள் இயங்கத் தொடங்கியிருந்ததால், அந்த விலையேற்றம் தென் நார்வே நீரின் மதிப்பையும் உயர்த்தியது. வட நார்வேயிலோ நீர் மிகுதி. தெற்கே அனுப்பப் போதிய மின்பாதை இல்லை. ஒரே நாட்டில் தெற்கே விலை கொதித்தது, வடக்கே மிகத் தாழ்ந்து கிடந்தது. முந்தைய ஆண்டுகளின் சராசரியை மட்டும் நம்பியவர்களுக்கு அது எவ்வாறு புலப்பட்டிருக்கும்? வீடுகளின் மின்கட்டணத்தில் ஒரு பங்கை அரசே ஏற்க நேர்ந்தது.

அணை இருப்பு வணிக இரகசியம் என்று சிலர் வாதிடலாம். நான் அதை ஏற்கவில்லை. நார்வேயின் நீர்வள எரிசக்தித் துறை வாரந்தோறும் வட்டாரவாரியாக அணை இருப்பை ஊரறிய வெளியிடுகிறது. நீரைச் சந்தையில் விற்கும் நாடுகள் யாவும் பின்பற்ற வேண்டிய வழக்கம் இது. கணக்கு மறைந்திருந்தால் நாளைய விலை பெரிய உற்பத்தியாளருக்கு மட்டுமே புலப்படும். ஏழைக் குடும்பம் கட்டணச் சீட்டு வந்த பிறகே அதை அறியும்.

அணைக்காரர் அளந்து திறக்கட்டும். அந்த அளவு நம் கண்ணுக்கும் தெரியட்டும்!