ஓட்டிப் பார்க்க வேண்டியது நாம்தான்!

எங்கள் குமாரபாளையத்தில், நூல் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று நின்றாலே சந்து அடைபட்டுப் போகும். இந்த மாதிரி ஊருக்கு சின்ன கார்தான் தோது.

4 மீட்டருக்குள் நீளமும், 1,200 சி.சி.,க்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி., 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மிச்சமாகும் பணத்தை அலங்காரத்தில் விடாமல், கிளட்ச் மிதிக்க வேண்டாத ஏ.எம்.டி., கியருக்குப் போடலாம்; நின்று நின்று போகும் டவுன் ஓட்டத்தில் முழங்கால் தப்பிக்கும்.

'வீட்டுக்காரர் பார்த்துக்குவார்' என்று ஒதுங்காதீர்கள், சகோதரிகளே! டிரைவர் சீட்டில் நீங்களே உட்கார்ந்து, பிரேக் எட்டுகிறதா, பின்பக்கம் தெரிகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். அவர் வெளியூர் போன ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், காவிரிப் பாலம் தாண்டி ஓட்டப் போவது நாம்தானே?

- ஓர் இல்லத்தரசி, குமாரபாளையம்.